தரங்கம்பாடி இராஜ வீதியும் அதன் பழைய வீடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயிலாடுதுறைப் பக்கத்துப் பொறையாறில் பிறந்து வளர்ந்தவன். தரங்கம்பாடி எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரம். ஊருக்கு உறவினரோ நண்பரோ யார் வந்தாலும் மாலையில் இராஜ வீதிக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இராஜ வீதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மேற்கே ஊர் நுழைவாயிலில் தொடங்கி, கிழக்கே கோட்டைக்கு முன்னால் இருக்கும் பழைய அணிவகுப்புத் திடலில் முடிகிறது. அதற்கு அப்பால் கடல். நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். ஆனால் பத்து நிமிடத்தில் நடந்து முடித்தவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். இரண்டு தேவாலயங்கள், தூண் வைத்த பெரிய வீடுகள், பள்ளிக்கூடமாகவும் கன்னிமடமாகவும் மாறிய மாளிகைகள், கடலோரப் பங்களா என்று எல்லாம் இந்த ஒரு வீதியில்தான் வரிசையாக நிற்கின்றன.

இந்தப் பெயரை யார் வைத்தது?

டேனியர்கள், அதாவது டென்மார்க் நாட்டவர்கள். அவர்கள் மொழியில் இது ‘கோங்கன்ஸ்கேட’, அரசனின் தெரு. ஆங்கிலேயர் காலத்தில் கிங் ஸ்ட்ரீட் ஆயிற்று. நாங்கள் இராஜ வீதி என்றும் சொல்வோம், கிங் தெரு என்றும் சொல்வோம். பக்கத்தில் இராணித் தெரு, அட்மிரல் தெரு, தட்டார் தெரு எல்லாம் உண்டு. 1733இல் டிரெலுண்ட் என்ற டேனியர் வரைந்த ஊர் வரைபடம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் மதிலுக்குள் வழி தவறாமல் நடக்கலாம். தெருக்களின் போக்கு அவ்வளவு மாறாமல் இருக்கிறது.

டேனியர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

மிளகு தேடி வந்தார்கள். 1620இல் ஓவே ஜெத்தே என்ற கடற்படைத் தலைவர் தலைமையில் வந்த டேனியக் குழுவுக்கும் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் உடன்படிக்கை ஆயிற்று. கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் நாயக்கர் இடம் கொடுத்தார். டேனிய அரசன் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொற்தகட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இப்போதும் கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆனால் டேனியர் வந்துதான் இந்த ஊர் உண்டாயிற்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கோட்டைக்கு வடக்கே கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. டேனியக் கோட்டையைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது. அலை வந்து வந்து முன்பகுதியைத் தின்றுவிட்ட கோயில் அது. இராஜ வீதியைப் பார்க்க வந்துவிட்டு அங்கே போகாமல் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நுழைவாயிலும் 1620ஐச் சேர்ந்ததுதானா?

இல்லை. இந்த வாயிலின் கதை கேட்கத் தகுந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய 29 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. ஐரோப்பாவில் போர், டேனிய வணிகக் கம்பெனியிடம் பணமில்லை. கோட்டையில் இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்க என்ற சாதாரணச் சிப்பாய் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், கடலில் கப்பல்களைப் பிடித்துச் செலவுக்கு வழி பார்த்தார். நாயக்கர் படை முற்றுகையிட்டபோது ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது.

அந்த 1660களின் மதிலில் தரைவழி வருகிறவர்களுக்காக வைத்த வாயில்தான் இது. இப்போது நிற்பது 1792இல் புதுப்பித்துக் கட்டியது. வெள்ளைச் சுவரின் உச்சியில் டேனிய அரச முத்திரை இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. மதில் பெரும்பாலும் போய்விட்டது. வாயில் மட்டும் ஊருக்கு முகமாக நிற்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி அதன் நிழலில் நுழையும்போது வெளியே இருக்கும் கடைத்தெருச் சத்தம் பின்வாங்குவதை நீங்களே உணரலாம்.

ஒரே வீதியில், அடுத்தடுத்து இரண்டு தேவாலயங்கள் ஏன்?

சீயோன் தேவாலயம் 1701இல் கட்டப்பட்டது. அது கோட்டையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்த ஐரோப்பியருக்கானது. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளூட்சோவும் இங்கே கரையிறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியக் கிறிஸ்தவ போதகர்கள், டேனிய அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்தவர்கள். அவர்கள் சேர்த்த தமிழ்ச் சபைக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது. 1707இல் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பதிலாக எழும்பியதுதான் புதிய எருசலேம் ஆலயம், 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை ஆனது. முகப்பில் அரசனின் பெயர் எழுத்தும் ஆண்டும் தெளிவாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் கட்டடம் சிலுவை வடிவம்.

ஆலயம் திறந்த நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்தார். வயது 36. பீடத்துக்கு முன்னால் அவருடைய கல்லறை இருக்கிறது. அடுத்த ஆண்டு இறந்த அவருடைய சக போதகர் குரூண்ட்லரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் இடம் அது.

தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்ததாமே?

எங்கள் ஊர்ப் பெருமைக்காக நானும் ஆமென்று சொல்ல ஆசைப்படுவேன், ஆனால் அது சரியில்லை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகம் 1578இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடியின் சாதனை வேறு. நின்றுபோயிருந்த தமிழ் அச்சுத்தொழிலை இங்கே மறுபடி தொடங்கி, விடாமல் நடத்தினார்கள். 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் பதிவான செய்தி. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுவதுமாக அச்சாகிவிட்டது.

காகிதத்துக்கும் இங்கேயே ஓர் ஆலை வைத்தார்கள். அது இருந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். எங்கள் பொறையாறுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிறுவயதில் அந்தப் பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதற்குள் ஒரு காகித ஆலை இருக்கிறதென்று உறைத்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

பெரிய வீடுகளெல்லாம் எப்போது கட்டியவை?

பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இங்கிலாந்தும் பிரான்சும் மாறி மாறிப் போரிட்ட காலம் அது. டென்மார்க் நடுநிலை நாடாக இருந்ததால் அதன் கொடி பறந்த கப்பலை யாரும் தடுக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள்கூடத் தாங்கள் தனியாகச் சம்பாதித்ததை டேனியக் கப்பல்கள் வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். 1777இல் டேனியக் கம்பெனியிடமிருந்து ஊரை டேனிய அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பணம்தான் இராஜ வீதியில் தூண்களாக நிற்கிறது.

திடலுக்கு எதிரில் இருக்கும் ஆளுநர் பங்களாவை அரசு 1784இல் வாங்கியது. 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர், நன்றாகப் படம் வரைவார். அவர் தீட்டிய தரங்கம்பாடி ஓவியங்கள் நார்வேயில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்த வீதி எப்படி இருந்தது என்பதற்கு அவை நல்ல சாட்சி.

இவை ஐரோப்பிய வீடுகளா, நம் வீடுகளா?

இரண்டும் கலந்தவை. முகப்பில் பெரிய உருண்டைத் தூண்களையும் முக்கோண நெற்றியையும் பார்த்தால் ஐரோப்பா நினைவுக்கு வரும். கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தத் தூண் கல்லால் ஆனது இல்லை. நம் கொத்தனார்கள் செங்கல்லை வட்டமாக அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, கல் போலத் தேய்த்தெடுத்தது. ஆழமான தாழ்வாரம், மரச்சட்டம் வைத்த கதவு, வெயிலை மறித்துக் காற்றை விடும் சன்னல், கடற்காற்று வீட்டை ஊடுருவிப் போகும்படி எதிரெதிரே வாசல் என எல்லாமே இந்த மண்ணின் வெக்கையைத் தெரிந்தவர்கள் செய்தவை. பக்கத்துத் தட்டார் தெருவுக்குத் திரும்பினால் திண்ணையும் ஓட்டுச் சாய்ப்பும் முற்றமும் உள்ள நம் வீடுகள். இரண்டு தெருவுக்கும் வேலை செய்த கைகள் ஒன்றுதான்.

இதனாலேயே, வெள்ளைக்காரன் கட்டிய வீட்டை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் தூணைத்தான் காட்டுவேன். வீட்டுக்காரரின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. கட்டியவரின் பெயர் எங்கும் இல்லை, அவர் விரல் தேய்த்த பூச்சு மட்டும் இருக்கிறது. அதையும் இடித்துவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் வேறு தடயமே கிடையாது.

இருநூறு ஆண்டுக் கடற்காற்றில் இந்தச் சுவர்கள் எப்படித் தாங்கின?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

வீதியில் பூச்சு உதிர்ந்த சுவர் ஒன்றைத் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்கும். உள்ளே இருக்கும் செங்கல் இன்றைய செங்கல்லைவிட மெல்லியதாக, அகலமாக இருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவில் வெண்மையான சாந்து. அதில் நகத்தால் கீறினால் சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள் தெரியும். கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. அதை மணலோடு சேர்த்துத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் சேர்ப்பதுண்டு. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குவார்கள்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் அடித்ததும் வெளியே விடும். கடற்கரையில் நிலத்தடி நீரும் காற்றும் உப்பு. அந்த உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறும்போது உப்பு மேலேயே பூத்து, பூச்சை மட்டும் அரிக்கும். செங்கல் பிழைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்களே, அது அழகுக்கு மட்டும் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். அரித்துப்போன தோலுக்குப் பதிலாகப் புதுத் தோல் போட்டார்கள்.

மேல்தளம் இன்னோர் அற்புதம். தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கு மேல் உடைகல் காரையும் தட்டோடும் போட்டு முடிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். சித்திரை நடுப்பகலிலும் அதன் கீழே நிற்க முடியும்.

அப்படியானால் சிமெண்ட் பூசினால் இன்னும் உறுதியாகத்தானே இருக்கும்?

தயவுசெய்து வேண்டாம். பொறையாறில் எங்கள் தாத்தா வீட்டுக்கே அதைச் செய்து அனுபவித்தோம். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று, வந்த ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, பழைய பூச்சை முழங்கால் உயரம் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினோம். முதல் வருடம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஓதம் சிமெண்டைத் தாண்டி இடுப்பு உயரத்தில் ஏறியிருந்தது. வெளியேற வழியில்லாமல் மேலே மேலே போயிருக்கிறது. நான்காவது வருடம் ஒரு நாள் மத்தியானம் சிமெண்ட் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மீதிச் செங்கல்லைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது. நூறு வருடம் ஆகாத சேதம் நான்கு வருடத்தில் ஆயிற்று. அம்மா அந்த மாவை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இராஜ வீதியில் எங்கேயாவது சாம்பல் நிறச் சிமெண்ட் ஒட்டுப் பார்த்தால் எனக்கு அந்த முறம்தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு பெரிய ஊர் எப்படி அடங்கிப்போயிற்று?

ஆங்கிலேயர் 1801இல் ஒருமுறையும், 1808 முதல் 1815 வரை இன்னொரு முறையும் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதோடு நடுநிலை வணிகம் செத்தது. 1845இல் டேனியர் வங்காளத்திலிருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். சில காலம் தரங்கம்பாடி தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடமாக இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861இல் ரயில் பாதை நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல். அந்த மாயவரம் கிளைப் பாதையும் 1980களில் நின்றுபோயிற்று.

வணிகம் இருந்த ஊர்களில் பழையதை இடித்துப் புதியது கட்டினார்கள். இங்கே இடிக்கவும் யாரிடமும் பணமில்லை. வீதி தப்பியது அதனால்தான்.

சுனாமியில் இந்தக் கட்டடங்கள் பாதிக்கப்பட்டனவா?

2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் ஊருக்குள் வந்தது. கோட்டையும் வீதியின் பெரிய கட்டடங்களும் நின்றன. உயிர்ச்சேதம் மீனவர் குடியிருப்பில். அதைப் பற்றி இரண்டு வரியில் எழுத எனக்கு மனமில்லை. வீதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரையில் மீனவர்களிடம் இதைக் கதையாகக் கேட்காதீர்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

பழுதுபார்க்கும் வேலையை யார் செய்தார்கள்?

கோட்டை தமிழக அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆளுநர் பங்களாவைச் செப்பனிடுவதில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் துணைநின்றது. கடலோரப் பங்களா நெடுநாள் பாழடைந்து கிடந்து, பழைய கட்டடங்களை விடுதியாக்கும் நீம்ரானா நிறுவனத்தின் கையில் விடுதியாக மறுபிறப்பு எடுத்தது. தட்டார் தெருவில் சாதாரண வீடுகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களைக் கொண்டு சீர்செய்தது. என்னைக் கேட்டால், நடந்தவற்றில் உயர்ந்த வேலை இதுதான். மாளிகையைக் காப்பாற்றப் பலர் வருவார்கள், திண்ணை வீட்டைக் காப்பாற்ற வருபவர் குறைவு. அட்மிரல் தெருவில் சீகன்பால்கு வீட்டை ஹாலேயிலிருந்து வந்த ஃபிராங்கே அறக்கட்டளையினர் சீர்செய்து 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

எங்களுக்கு அங்கே ஒரு பழைய வீடு இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதல் வேலை, பூட்டி வைக்காதீர்கள். ஆள் இல்லாத வீட்டில் கூரை ஓரத்தில் பறவை எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைக்கும். விரல் அளவு இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. இரண்டு வருடம் விட்டால் வேர் சுவருக்குள் இறங்கிச் செங்கல்லைப் பிளந்துவிடும். மரத்தை மேலே வெட்டினாலும் வேர் துளிர்க்கும். குடும்பத்தில் ஒருவராவது மழைக்கு முன்னும் பின்னும் மாடியேறி, நீர்த்தாரையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு விழுவது பெரும்பாலும் அந்த அடைப்பில்தான் தொடங்குகிறது.

தனியார் வீட்டுக்குத் தொல்லியல் சட்டப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. 1966ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி அரசு அறிவித்த சின்னங்களுக்கே அது உண்டு. ஆகவே உங்கள் வீட்டின் காவல் உங்கள் கையில்தான் இருக்கிறது. பழுது பார்ப்பதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். இன்டாக் பணியில் பழகியவர்கள் இந்த வட்டாரத்திலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். பங்காளிகளுக்குள் வழக்கு இருந்தாலும் கூரைச் செலவை மட்டும் பொதுவில் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பு வரும்போது பிரித்துக்கொள்ள வீடு இருக்க வேண்டும்.

எப்படி வருவது, எந்த நேரம் நல்லது?

ரயிலில் வந்தால் மயிலாடுதுறையில் இறங்கி பஸ் ஏறலாம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸும் திருக்கடையூர் வழியாக இந்தப் பக்கம்தான் வரும். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும், அதற்கேற்ப நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தை, மாசி மாதங்களில் வெயில் இதமாக இருக்கும். முடிந்தால் விடிவதற்கு முன் நுழைவாயிலுக்கு வந்துவிடுங்கள். சூரியன் கடலிலிருந்து நேராக வீதிக்குள் ஏறும். வெளிச்சம் முதலில் கடலோரப் பங்களாவின் தூண்களில் விழும், பிறகு ஆலயத்தின் முகப்பு, கடைசியாக வாயிலின் உட்பக்கம். அப்போது மீன் கூடையோடு பெண்கள் எதிரே வந்துகொண்டிருப்பார்கள். வழிவிட்டு நில்லுங்கள், அவர்களுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.